குட்டையை விலகி நடந்த கைதி: காலனிய கால எழுத்தில் சக மனிதர்கள்

பழம்புத்தகம்:

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் என்றால் நம்மில் பலருக்கு 'விலங்குப் பண்ணை', '1984' நாவல்கள்தான் நினைவுக்கு வரும். அதற்கெல்லாம் முன்பு, 1922 முதல் 1927 வரை, அவர் பர்மாவில் ஏகாதிபத்தியப் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். அந்த வேலையின் நினைவிலிருந்து 1931இல் 'எ ஹேங்கிங்' (ஒரு தூக்கு) என்று ஒரு கட்டுரை எழுதினார். சில பக்கங்கள்தான். காலனிய ஆட்சியைப் பற்றி நான் படித்த தடித்த வரலாற்று நூல்கள் எதுவும் இந்தச் சில பக்கங்கள் அளவுக்கு என்னை உலுக்கவில்லை.

மழைக்காலத்துக் காலை. ஒரு கைதியைத் தூக்குமேடைக்கு நடத்திப் போகிறார்கள். மெலிந்த உடம்பு, மழித்த தலை, ஓர் இந்து. என்ன குற்றம் செய்தான் என்று ஆர்வெல் சொல்லவே இல்லை. பாதி வழியில் எங்கிருந்தோ ஒரு நாய் ஓடி வந்து, கூட்டத்தைக் கண்ட சந்தோஷத்தில் துள்ளிக் குதித்து, நேரே கைதியின் முகத்தை நக்கப் பாய்கிறது. அந்த நாய்க்கு யார் அதிகாரி, யார் சாகப்போகிறவன் என்று தெரியாது. அதைப் பிடித்துக் கட்டி மறுபடி நடக்கிறார்கள். தூக்குமேடைக்கு இன்னும் நாற்பது கெஜம் இருக்கும். வழியில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது. இரண்டு தோளையும் காவலர்கள் பிடித்திருந்தும், அந்தக் கைதி கால் நனையாமல் சற்றே விலகி நடக்கிறான்.

அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் அந்தக் கணம் வரை, நல்ல உடம்போடும் நினைவோடும் இருக்கும் ஒரு மனிதனை அழிப்பது என்றால் என்ன என்று தனக்குத் தெரிந்திருக்கவில்லை என்கிறார் ஆர்வெல். அவன் குடல் செரித்துக்கொண்டிருக்கிறது, நகம் வளர்ந்துகொண்டிருக்கிறது, மூளை குட்டையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. அவனும் நாங்களும் ஒரே உலகத்தைப் பார்த்தபடி சேர்ந்து நடக்கிற ஒரு சிறு கூட்டம், இன்னும் இரண்டு நிமிடத்தில் அதில் ஒருவர் இருக்க மாட்டார் என்கிறார்.

அந்தப் பத்தியில் நிறத்தைப் பற்றியோ இனத்தைப் பற்றியோ ஒரு வரிகூடக் கிடையாது. அதனாலேயே அது இனத்தைப் பற்றிய மிக வலுவான பத்தி என்று நினைக்கிறேன். காலனிய காலத்தில் எழுதியவர்கள், எந்தப் பக்கத்தவராக இருந்தாலும், எதிரே இருப்பவனை மனிதனாகக் கண்டுகொண்ட இப்படிப்பட்ட இடங்கள் உங்கள் வாசிப்பில் எங்கே இருக்கின்றன? கொள்கை விளக்கம் வேண்டாம், காட்சிகள் வேண்டும்.


மூலைக்கடை:

நல்ல தொடக்கம். ஆனால் அந்தக் கட்டுரையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

குட்டைக்குப் பிறகு என்ன ஆகிறது? கயிறு கழுத்தில் ஏறியதும் கைதி "ராம்! ராம்!" என்று நிறுத்தாமல் கூப்பிடுகிறான். அங்கே நிற்கும் எல்லோருக்கும், இந்தியக் காவலர்கள் உட்பட, ஒரே எண்ணம்தான்: சீக்கிரம் முடியட்டும், அந்தச் சத்தம் நிற்கட்டும். முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு விடுதலை உணர்வு. சிரிக்கிறார்கள். தலைமைச் சிறைக்காவலர் பிரான்சிஸ் என்று ஒருவர், தங்க பிரேம் கண்ணாடி போட்ட பருத்த திராவிடர் என்று ஆர்வெல் வர்ணிக்கிறார், பழைய தூக்குக் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறார். கண்காணிப்பாளர் தன் காரில் விஸ்கி இருக்கிறது என்கிறார். வெள்ளையரும் உள்நாட்டினரும் சேர்ந்து இணக்கமாகக் குடிக்கிறார்கள். நூறு கெஜத்துக்கு அப்பால் பிணம்.

வெள்ளையரும் கறுப்பரும் சமமாக உட்காரும் ஒரே இடம் அதுதான்! இன வேலியைத் தாண்டி அவர்களை ஒன்று சேர்ப்பது சேர்ந்து செய்த ஒரு கொலை. உங்கள் குட்டையைவிட இந்த விஸ்கிதான் எனக்கு அந்தக் கட்டுரையின் மையம். சக மனிதனைக் கண்டுகொண்ட ஆர்வெலும் அந்தக் குடியில் இருக்கிறார். கண்டுகொண்டு என்ன செய்தார்? செத்தவனுக்குப் பெயர்கூட இல்லையே.


கொழுந்துக்கூடை:

மூலைக்கடை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் இலங்கை மலையகத்துக்காரி. எங்கள் பாட்டன் பாட்டி திருச்சிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள். அதனால் ஆர்வெலின் இன்னொரு கட்டுரை, 1936இல் வந்த யானையைச் சுட்ட கதை, என்னை வேறு மாதிரி தாக்கியது.

எல்லோரும் அதை யானைக் கதையாகவே படிக்கிறார்கள். பர்மாவின் மௌல்மீன் ஊரில் மதம் பிடித்த யானை ஒன்று கட்டை அறுத்துக்கொண்டு அலைகிறது. ஆயிரக்கணக்கான பர்மியர்கள் பின்னால் வேடிக்கை பார்க்க வர, கேலிக்கு ஆளாகிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வெள்ளைக்கார அதிகாரி அதைச் சுடுகிறார். ஆள்பவன் தன் முகமூடிக்கு அடிமை என்ற கருத்தைப் பள்ளி, கல்லூரி எல்லாம் சொல்லிக்கொடுக்கிறது. சரி, அது இருக்கட்டும்.

அந்த யானை ஓர் ஆளைக் கொன்றிருக்கிறது. திராவிடக் கூலி. சேற்றில் முகம் புதைய மிதிபட்டு, முதுகுத் தோல் உரிந்து, பல் தெரிய, கண் திறந்தபடி கிடக்கிறான். செத்தவர்கள் அமைதியாக இருப்பார்கள் என்று என்னிடம் சொல்லாதீர்கள் என்று ஆர்வெல் அங்கே எழுதுகிறார். அந்த வரிக்காக நான் அவருக்கு நன்றி சொல்வேன். ஆனால் கட்டுரை அதோடு அவனை விட்டு நகர்ந்துவிடுகிறது. யானை சாவதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார் பாருங்கள்: மூச்சு, ரத்தம், அரை மணி நேர வேதனை. மனிதனுக்கு ஒரு பத்தி. கடைசியில் இளைய வெள்ளைக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள், எந்தக் கொரிங்கா கூலியைவிடவும் யானைதான் விலை அதிகம் என்று. கொரிங்கா என்பது காக்கிநாடாப் பக்கத்துத் துறைமுகம். அங்கிருந்துதான் தெலுங்குக் கூலிகளைக் கப்பல் கப்பலாக பர்மாவுக்கு ஏற்றினார்கள். அந்தக் கூலி செத்ததில் தனக்குச் சந்தோஷம், யானையைச் சுட்டதற்குச் சட்டப்படி காரணம் கிடைத்துவிட்டதே என்று ஆர்வெல் தன்னைப் பற்றியே எழுதிவிடுகிறார்.

இப்படி எழுத ஒரு நேர்மை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சேற்றில் கிடப்பவனின் வீடு எது, அவனுக்காக யார் அழுதார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதை அவர் எழுதவில்லை. அவருக்குத் தெரியவும் வாய்ப்பில்லை.


வடமராட்சி வாசகன்:

கொழுந்துக்கூடை அக்கா கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் வரும் ஒரு நாவல் இருக்கிறது. லெனார்ட் வூல்ஃப் 1913இல் எழுதிய 'தி வில்லேஜ் இன் த ஜங்கிள்'. ஆங்கில நாவலாசிரியை வர்ஜீனியா வூல்ஃபின் கணவர் என்றே அவரை உலகம் அறியும். எங்களுக்கு அவர் யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்த வெள்ளைக்கார உத்தியோகத்தர்.

1904 இறுதியில் இலங்கை சிவில் சேவைக்கு வந்து இறங்கினார். கூடவே ஒரு நாயும் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் நூல்கள் தொண்ணூறு தொகுதிகளும் வந்தன. முதலில் யாழ்ப்பாணம், பிறகு கண்டி, பிறகு 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர், அதாவது மாவட்ட நிர்வாக அதிகாரி. தமிழும் சிங்களமும் படித்தார். கண்டியில் இருந்தபோது தூக்குத் தண்டனைகளை நேரில் நின்று நிறைவேற்ற வேண்டிய கடமையும் அவருக்கு இருந்தது. ஆர்வெல் பர்மாவில் பார்த்ததை இவர் அதற்குப் பல வருடம் முன்பே பார்த்துவிட்டார்.

அந்த நாவலில் வெள்ளைக்காரக் கதாநாயகன் கிடையாது. வெள்ளையர் கிளப் கிடையாது, வேட்டை விருந்து கிடையாது. அம்பாந்தோட்டைப் பக்கத்து வறண்ட காட்டுக்குள் பெத்தேகம என்ற குக்கிராமம். சிலிந்து என்ற வேட்டைக்காரன். அவனுடைய இரட்டைப் பெண்கள் புஞ்சி மெனிக்கா, ஹின்னிஹாமி. சேனைப் பயிர் (காட்டை எரித்து விதைப்பது), கடன், பசி, கிராமத் தலைவன் பாபெஹாமியின் பகை. பட்டணத்திலிருந்து வரும் வட்டிக்காரன் பெர்னாண்டோவின் கண் புஞ்சி மெனிக்காமேல் விழுகிறது. அவளுடைய கணவன் பாபுன்மேலும் சிலிந்துமேலும் பொய்த் திருட்டு வழக்குப் போடுகிறார்கள். ஹின்னிஹாமி தன் குழந்தையோடு ஒரு மான்குட்டிக்கும் பால் கொடுத்து வளர்க்கிறாள், ஊரார் அந்த மானைக் கொன்றதும் அவளும் போய்ச் சேர்கிறாள். இதையெல்லாம் ஒரு கேம்பிரிட்ஜ் பட்டதாரி, உள்ளே நின்று, ஏளனமோ பெருமூச்சோ இல்லாமல் எழுதுகிறார். அந்த மனிதர்கள் நல்லவர்கள் என்று நிரூபிக்கவும் முயலவில்லை. சிலிந்து சோம்பேறி, மூர்க்கன், மனைவியை அடித்தவன். அப்படியே விட்டிருக்கிறார்.

எனக்கு மிக முக்கியமான இடம் நீதிமன்றம். உயரத்தில் வெள்ளைக்கார நீதவான் (மாஜிஸ்ட்ரேட்). கீழே பாபுனும் சிலிந்துவும். என்ன நடக்கிறதென்றே இருவருக்கும் விளங்கவில்லை. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யச் சொன்னால் என்ன கேட்பதென்று தெரியாமல் நிற்கிறார்கள். இந்த வழக்குக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்று நீதவானுக்குத் தோன்றுகிறது, வெளிப்படையாகச் சொல்லவும் செய்கிறார். ஆனால் அவர் முன்னால் இருக்கும் சாட்சியம் ஒன்றைத்தான் சொல்கிறது. பாபுனுக்குச் சிறை. அவன் திரும்பி வருவதே இல்லை.

நாவலில் அந்த நீதவானுக்குப் பெயர் கிடையாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர்களில் வூல்ஃபும் ஒருவர். இதை அவரைத் தவிர யார் எழுதியிருக்க முடியும்?

இன்னொரு விசயமும் சொல்ல வேண்டும். சிலிந்து கடைசியில் துப்பாக்கியை எடுத்து இரண்டு பேரைக் கொன்றுவிட்டுத் தானே வந்து சரணடைகிறான். அவனைப் பற்றி நீதவானும் ரட்டே மஹத்தயா என்ற உள்ளூர்ச் சிங்கள அதிகாரியும் பேசிக்கொள்கிற இடத்தில், அவன் இனத்தையே சேர்ந்த மஹத்தயாவிடம் இரக்கம் இல்லை. இவ்வளவு தூரம் துரத்தி மூலையில் நெருக்கினால்தானே இப்படிப்பட்ட ஒருவன் திருப்பித் தாக்குவான் என்று யோசிப்பவர் நீதவான். இனம் ஒன்றாக இருப்பதால் மனிதன் தெரிந்துவிடுவதில்லை என்று வூல்ஃப் காட்டுகிறார்.

இதை இலங்கை இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980இல் படமாக எடுத்தார். நீதவானாக நடித்தவர் ஆர்தர் சி. கிளார்க், அறிவியல் புனைகதை எழுதிய அதே கிளார்க்.


மூலைக்கடை:

வடமராட்சி, யாழ்ப்பாணத்தில் வூல்ஃப் ஒரு வக்கீலைச் சவுக்கால் அடித்தார் என்று ஒரு கதை உண்டே, அது உண்மையா?


வடமராட்சி வாசகன்:

அடிக்கவில்லை என்பதே அவர் தரப்பு. நடந்தது இது: குதிரைமேல் உட்கார்ந்து, தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுத் திண்ணையைச் சவுக்கை நீட்டி மேலதிகாரிக்குக் காட்டுகிறார். அந்த நேரம் வண்டியில் கடந்துபோன ஒரு தமிழ் வக்கீலின் முகத்தில் வேண்டுமென்றே அடித்தார் என்று யாழ்ப்பாணத்தார் சங்கம் முறைப்பாடு அனுப்புகிறது. வூல்ஃப் அதை மறுத்து விளக்கம் எழுதினார்.

பல வருடம் கழித்து, 1961இல் வந்த தன் வரலாற்று நூலில், அந்தச் சம்பவத்துக்குத் திரும்பி வருகிறார். நான் யாரையும் அடிக்கவில்லை, ஆனால் அவர்களுடைய ஊரின் பெரிய தெருவில் அப்படித் திமிராகக் குதிரைமேல் உட்கார்ந்திருந்ததே அவர்கள் முகத்தில் அறைந்ததற்குச் சமம்தான் என்கிற பொருளில் எழுதுகிறார். முறைப்பாடு செய்த எங்கள் ஆட்கள் சொன்ன விவரம் பிழையாக இருக்கலாம். அவர்கள் உணர்ந்தது சரி. அதை அந்தக் குதிரையில் இருந்தவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு பக்கத்துக்காகவே அந்த நூலை வைத்திருக்கிறேன்.


கல்லூரிச்சாலை:

ஆங்கில இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்றவன். இந்த இழையில் இதுவரை ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் வராதது ஆச்சரியம்.

அவருடைய 'எ பாசேஜ் டு இந்தியா' (1924) நாவலைப் பற்றி வகுப்பில் எல்லோரும் குகையைப் பற்றியே கேட்பார்கள். மரபார் குகைக்குள் அடேலா என்ற ஆங்கிலப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதைவிட எனக்கு முக்கியமானது ஒரு சட்டைக் காலர் பொத்தான். பீல்டிங் என்ற ஆங்கிலேயரின் வீட்டுக்கு முதன்முதலாக விருந்துக்கு வருகிறார் டாக்டர் அஜீஸ். குளித்துவிட்டு உடுத்திக்கொண்டிருக்கும் பீல்டிங், தன் காலரின் பின்பக்கப் பொத்தான் உடைந்துவிட்டது என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறார். அஜீஸ், தன்னிடம் இன்னொன்று இருப்பதாகப் பொய் சொல்லி, தான் அணிந்திருப்பதையே கழற்றிக் கொடுத்துவிடுகிறார். முகம் பார்க்காமலேயே நட்பு அங்கே பிறந்துவிடுகிறது. பின்னர் அதே விருந்துக்கு வந்து அஜீஸைப் பார்க்கும் ரோனி என்ற மாஜிஸ்ட்ரேட் என்ன சொல்கிறான்? தலை முதல் கால் வரை பிரமாதமாக உடுத்தியிருக்கிறான், ஆனால் காலர் பொத்தானை மறந்துவிட்டான், இந்தியன் என்றால் இப்படித்தான், அந்த இனத்துக்கே உள்ள அலட்சியம் என்று சொல்கிறான்.

கொடுத்த மனிதனைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது. தெரியாமலே ஓர் இனத்துக்குத் தீர்ப்பு எழுதிவிட்டான். இனவாதம் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு பொருளை வைத்துக் காட்டிய இடம் நான் படித்தவரை வேறு இல்லை.

ஃபார்ஸ்டர் இதைக் காற்றில் இருந்து பிடிக்கவில்லை. சையது ராஸ் மசூத் என்ற இளைஞருக்கு இங்கிலாந்தில் லத்தீன் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்த நட்புதான் அவரை 1912இல் இந்தியாவுக்கு இழுத்து வந்தது. நாவலை மசூதுக்கே காணிக்கையாக்கியிருக்கிறார்.

இவ்வளவு நேசம் இருந்தும் நாவல் முடியும் இடத்தைப் பாருங்கள். அஜீஸும் பீல்டிங்கும் குதிரையில் சேர்ந்து போகிறார்கள். இப்போதே ஏன் நண்பர்களாக இருக்கக் கூடாது, நாம் இருவரும் விரும்புவது அதுதானே என்று பீல்டிங் கேட்கிறான். குதிரைகள் விரும்பவில்லை, விலகுகின்றன. பூமி விரும்பவில்லை, கோயிலும் சிறையும் மாளிகையும் விரும்பவில்லை. இப்போது வேண்டாம், இங்கே வேண்டாம் என்கின்றன எல்லாம். முதல் முறை படித்தபோது இது எனக்குத் துக்கமாக இருந்தது. இப்போது அது நாணயமான முடிவாகத் தெரிகிறது. ஒருவர் நாட்டை மற்றவர் ஆண்டுகொண்டிருக்கும் வரை, இரண்டு தனிமனிதர்களின் நல்ல மனம் மட்டும் போதாது என்று ஃபார்ஸ்டர் சொல்லிவிட்டார். கட்டிப்பிடித்து முடித்திருந்தால் வாசகர்களுக்கு இன்னும் பிடித்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை.


மூலைக்கடை:

ஐயா, காலர் பொத்தான் எனக்குப் புதிது. நன்றி.

ஆனால் இந்தப் பட்டியலில் அடுத்து யாராவது நாவலாசிரியர் ஜோசப் கான்ராடைக் கொண்டுவருவார்கள், அதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அவருடைய 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவல் பெல்ஜிய மன்னரின் காங்கோக் கொள்ளையைக் காட்டியது உண்மை. கான்ராட் 1890இல் அந்த நதியில் கப்பலில் போனவர். மரநிழலில் சாகக் கிடக்கும் கூலிகளை அவர் எழுதிய பக்கம் மறக்காது. ஆனால் 1975இல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் கேட்டதற்கு இன்னும் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஓர் ஐரோப்பியனின் மனம் உடைவதைக் காட்ட ஆப்பிரிக்கா முழுவதையும் பின்திரையாக்கி, அங்கே வாழ்பவர்களுக்குப் பேச்சே கொடுக்காமல் விட்டது எந்த வகை மனிதநேயம்? அந்த நாவலில் ஆப்பிரிக்கர்கள் வாய் திறப்பது ஓரிரு இடங்களில்தான்.

அதே அளவுகோலை வூல்ஃபுக்கு வைத்தால் அவர் தேறுகிறார். சிலிந்து பேசுகிறான், பக்கம் பக்கமாகப் பேசுகிறான்.


தாமிரபரணி:

எல்லோரும் வெள்ளைக்காரன் நம்மை எப்படிப் பார்த்தான் என்பதிலேயே நிற்கிறீர்கள். நாம் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்தோம்?

1935இல் வந்த முல்க் ராஜ் ஆனந்தின் 'தீண்டத்தகாதவன்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். பல பதிப்பாளர்கள் மறுத்த பிறகு வெளிவந்தது, முன்னுரை எழுதியவர் அதே ஃபார்ஸ்டர். அதில் பாக்கா என்ற துப்புரவுத் தொழிலாளி இளைஞன். படைமுகாமில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தன்னை மனிதனாக நடத்தினார்கள் என்று அவன் நினைவில் இருக்கிறது. அதனாலேயே அவர்களுடைய பழைய உடுப்புகளைப் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறான். ஊர்த்தெருவிலோ, தெரியாமல் ஒருவர்மேல் பட்டுவிட்டதற்காக அறை வாங்குகிறான். ஏகாதிபத்தியத்தின் கூலிச் சிப்பாய் கொடுத்த மரியாதையைச் சொந்த ஊர் கொடுக்கவில்லை. இதைச் சொன்னால் காலனிய ஆட்சிக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று சிலர் கோபப்படுவார்கள். ஆனந்த் அந்த ஆட்சியைக் கடுமையாக எதிர்த்தவர். அவரே இதை எழுதியிருக்கிறார்.

அடுத்து தாகூரின் 'கோரா' (1910). கோரா கட்டுப்பெட்டியான இந்து. சாதி ஆசாரத்தைக் காப்பதுதான் தேசபக்தி என்று நம்புகிறவன். கிறித்தவப் பணிப்பெண் லச்சுமியா தாயின் அறையில் இருக்கிறாள் என்பதற்காக, பெற்ற தாயாக நினைக்கும் ஆனந்தமயியின் அறையில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். கடைசியில் தெரிய வருகிறது, அவன் 1857 கலவரத்தில் அனாதையான ஐரிஷ் குழந்தை. எந்தச் சாதியும் அவனுக்குக் கிடையாது, எந்தக் கோயிலும் அவனுக்குத் திறக்காது. அவன் உடைந்துபோகவில்லை. ஆனந்தமயியிடம் வருகிறான். உனக்குச் சாதி இல்லை, வெறுப்பு இல்லை, நீதான் என் பாரதம் என்று சொல்லிவிட்டு, லச்சுமியாவைக் கூப்பிட்டு ஒரு குவளை தண்ணீர் கொண்டுவரச் சொல் என்கிறான்.

ஒரு வெள்ளைக்கார ரத்தத்தை இந்து வைதிகனாக வளர்த்து, பிறகு அந்த அடையாளம் இரண்டையும் ஒரே நாளில் கழற்றிப் போட்ட தாகூரின் துணிச்சலை எண்ணிப் பாருங்கள். சுதேசி இயக்கத்தின் சூடு ஆறாத காலம் அது.


கொழுந்துக்கூடை:

தாமிரபரணி அண்ணா சொல்வது சரி. நானும் இதையே நம் எழுத்தில் தேடினேன். ஆர்வெல் விட்டுப்போன அந்தக் கூலியை யார் எழுதினார்கள்?

பாரதி எழுதியிருக்கிறார். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி. அவர் அங்கே போனதில்லை. "விம்மி விம்மி விம்மி விம்மியழுங் குரல் கேட்டிருப்பாய் காற்றே" என்று காற்றைப் போய்க் கேட்கிறார். எங்கள் வீட்டில் பாட்டி இதைக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

புதுமைப்பித்தன் எழுதியிருக்கிறார். மணிக்கொடி இதழில் வந்த 'துன்பக்கேணி'. திருநெல்வேலிப் பக்கத்து மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சீரழிகிற கதை. ஊரில் சாதி அவளை மிதிக்கிறது, கடல் தாண்டினால் தோட்டத்து அதிகாரம் மிதிக்கிறது. அவளுக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, கோபம் இருக்கிறது. எனக்கு அது போதும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சேற்றில் கிடந்தவனுக்குக் கிடைக்காதது மருதிக்குக் கிடைத்திருக்கிறது.

பாரதியைப் பற்றி இன்னொன்று. 1914இல் ஜெர்மனி பெல்ஜியத்தை மிதித்தபோது "அறத்தினால் வீழ்ந்து விட்டாய்" என்று பெல்ஜியத்துக்கு வாழ்த்துப் பாடினார். அடிமை நாட்டுக் கவிஞன், புதுச்சேரியில் ஒளிந்து வாழ்பவன், வெள்ளைக்கார நாடு ஒன்றின் வீழ்ச்சிக்காக நெகிழ்கிறான். அதே பெல்ஜியம்தான் அப்போது காங்கோவைப் பிடித்து வைத்திருந்தது. மூலைக்கடை சொன்ன அந்தக் காங்கோ. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ஆனால் பாரதியின் நெகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்லவும் மனம் வரவில்லை.


பழம்புத்தகம்:

இழை இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

'முரசு' பாட்டில் பாரதி வெள்ளைப் பூனையையும் அதன் நாலு நிறக் குட்டிகளையும் சொல்லிவிட்டு, "வண்ணங்கள் வேற்றுமைப் பட்டால் அதில் மானுடர் வேற்றுமை இல்லை" என்று பாடுகிறாரே, அதைப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். அந்த உண்மையை யாரும் மறுப்பதில்லை. மூலைக்கடை கேட்டது வேறு கேள்வி: கண்டுகொண்டு என்ன செய்தார்கள்?

நீங்கள் எல்லோரும் சொன்ன காட்சிகளை வரிசையாக யோசித்துப் பார்த்தேன். ஆர்வெல் குட்டையைப் பார்க்கிறார், தூக்கு நிற்கவில்லை. வூல்ஃபின் நீதவான் சந்தேகப்படுகிறார், தீர்ப்பு மாறவில்லை. பீல்டிங் நேசிக்கிறான், குதிரை விலகுகிறது. மனிதனை மனிதனாகப் பார்த்த பிறகும் நடுவில் ஏதோ ஒன்று அசையாமல் நிற்கிறது: உத்தியோகம், நாற்காலி, சாட்சியச் சட்டம், விளங்காத மொழி, கிளப்பின் உறுப்பினர் சீட்டு. 'உள்ளுக்குள் எல்லோரும் ஒன்றே' என்று சொல்லி முடித்துவிடும் கதைகள் அந்தப் பொருளை மறைத்துவிடுகின்றன. நாம் இங்கே பேசிய எழுத்தாளர்கள் அதைத் தொட்டுக் காட்டுகிறார்கள். இவர்களை நான் மதிப்பது அதனால்தான். கோரா மட்டும் ஏன் தண்ணீர் குடிக்க முடிகிறது என்றால், அவன் அதற்கு முன்பு எல்லாவற்றையும் இழந்துவிட்டான். காக்க ஒரு பதவியும் அவனிடம் மிஞ்சவில்லை.

விஸ்கி பற்றி மூலைக்கடையோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். ஆர்வெல் அந்தக் குடியில் தானும் இருந்ததை மறைத்திருக்கலாம். கட்டுரையைக் குட்டையோடு முடித்திருந்தால் நல்லவராகத் தெரிந்திருப்பார். விஸ்கியை எழுதி, கடைசி வரியில் பிணத்தின் தூரத்தையும் எழுதினாரே, அதைத்தான் நான் அவர் செய்த செயலாக எடுத்துக்கொள்கிறேன்.


மூலைக்கடை:

எழுதுவது செயல்தான் என்று ஒத்துக்கொண்டாலும், அது பாபுனுக்கு உதவாத செயல். தூக்கில் போனவனுக்கும் உதவாது. அந்த வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது என்பதுதான் என் பிடிவாதம்.

வூல்ஃப் வேலையை விட்டது மனசாட்சியாலா, வர்ஜீனியாவைக் கல்யாணம் செய்துகொள்ளவா? இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.


கல்லூரிச்சாலை:

இரண்டும்தான். 1911இல் விடுப்பில் இங்கிலாந்து போனார். வர்ஜீனியாவின் பதில் தெரியாத நிலையில் 1912இல் ராஜினாமா செய்தார், அந்த ஆகஸ்டில் திருமணம். உடனடிக் காரணம் காதல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஏகாதிபத்தியத்தின் அங்கமாக இருப்பது இலங்கையில் இருந்த கடைசி வருடங்களிலேயே தனக்கு ஒவ்வாமல் போய்விட்டது என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார்.

பிறகு என்ன செய்தார் என்பதைப் பார்த்தால் மூலைக்கடையின் கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும். பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் ஏகாதிபத்திய விவகார ஆலோசனைக் குழுவுக்குப் பல்லாண்டுகள் செயலாளராக இருந்து, காலனிகளுக்குத் தன்னாட்சி கேட்டு அறிக்கை அறிக்கையாக எழுதினார். 1920இல் 'எம்பயர் அண்ட் காமர்ஸ் இன் ஆஃப்ரிகா' என்ற நூல். அதில் கதை இல்லை, கணக்கு இருக்கிறது: யார் என்ன எடுத்தார்கள், எவ்வளவுக்கு விற்றார்கள் என்று. நாவல் எழுதியவர் ஏன் கணக்கு நூலுக்குப் போனார் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். நீதவானின் சந்தேகத்தால் பாபுனைக் காப்பாற்ற முடியவில்லை என்பது அவரை விட்டுப் போகவில்லை என்றே படுகிறது.


வடமராட்சி வாசகன்:

அந்த 1920 நூலை நான் படிக்கவில்லை ஐயா. நாவலையும் தன் வரலாற்றையும் தாண்டிப் போனதில்லை. அடுத்த மாதம் நாம் சேர்ந்து 'தி வில்லேஜ் இன் த ஜங்கிள்' வாசிக்கலாமா? விருப்பம் உள்ளவர்கள் இங்கேயே சொல்லுங்கள். நீதிமன்ற அத்தியாயத்துக்கு மட்டும் தனியாக ஓர் இழை வேண்டும்.


கொழுந்துக்கூடை:

நான் வருகிறேன். கூடவே 'துன்பக்கேணி'யையும் வைத்துக்கொள்ளுங்கள். பெத்தேகமவும் அந்தத் தேயிலைத் தோட்டமும் ஒரே தீவுதான், ஒரே ஆட்சிதான். புஞ்சி மெனிக்காவையும் மருதியையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும்.